ஜன்னல் பக்கத்து ஸ்டாண்டு

என் மகளுக்குப் பள்ளி திறக்க இன்னும் சில நாட்கள்தான். எங்கேயாவது கூட்டிப் போ என்கிறாள். வெயிலில் அலைந்தால் காய்ச்சல் வருமோ, வெளியே சாப்பிட்டால் வயிறு கெடுமோ என்று யோசித்து யோசித்தே பாதி விடுமுறையைக் கழித்துவிட்டேன். நேற்று தென்காசிக்குப் போன் செய்து சித்தியிடமும் யோசனை கேட்டேன். "இதுக்கெல்லாமாட்டி யோசிப்பாவ? செருப்ப மாட்டிட்டுக் கெளம்பு" என்றாள். குரல் அப்படியே இருக்கிறது. அந்தக் குரலுக்குப் பின்னால் ஓடிய நாட்கள்தான் எங்கோ போய்விட்டன.

சித்தி அம்மாவின் தங்கை. ஊரிலிருந்து வந்து, அயனம்பாக்கத்தில் எங்கள் வாடகை வீட்டில் தங்கி, நகரத்துக் கல்லூரி ஒன்றில் ஓவியம் படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு செமஸ்டர் திறப்பதற்கு முன்பும் ஒரு நாள் என்னை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அந்த நாளுக்கென்று சட்டம் உண்டு. இதுவரை சாப்பிடாத ஒன்றைச் சாப்பிட வேண்டும், குடிக்காத ஒன்றைக் குடிக்க வேண்டும், பார்க்காத ஒன்றைப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு மேல் கேட்டால், "அது அடுத்த செமஸ்டருக்கு" என்பாள். இப்படி அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிப்போட்ட பண்டங்கள் எங்கள் கணக்கில் ஏராளம்.

நான் இரண்டாம் வகுப்பு முடித்த வருடம் அந்த நாள் வருமா என்பதே சந்தேகமாகிவிட்டது. தம்பி அம்மாவின் வயிற்றில் இருந்தான். எழுந்து நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு வேலை. அம்மாவையும் என்னையும் பார்த்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் வேண்டும். சித்தி கடைசி வருடப் படிப்பைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாமே என்று பேச்சு எழுந்தது. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. "உன் இஷ்டம்தான்" என்றார் அப்பா. அம்மாவும் அதையே சொன்னாள். ஊரிலிருந்து தாத்தா போன் செய்து அதையே சொன்னார். இத்தனை பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்ன பிறகு அதற்குள் இஷ்டம் எவ்வளவு மிஞ்சும் என்பது இப்போது எனக்குத் தெரியும். அன்று எனக்குக் கல்லூரி என்பது காலையில் சித்தியை வாங்கிக்கொண்டு விளக்கு வைத்த பிறகு திருப்பித் தரும் ஓர் இடம். அது திறக்கவே கூடாது என்று தெருமுனைப் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை கல்லூரி. வெள்ளிக்கிழமை சித்தி அம்மாவின் கட்டிலருகில் வந்து நின்றாள்.

"ஞாயித்துக்கெழம சொல்லுதேன்க்கா. நாளைக்கு மட்டும் இவளக் கூட்டிட்டு ஒரு எட்டுப் போயிட்டு வாரேன்."

"ஐஸ் போட்டது எதையும் வாங்கிக் குடுத்துராத" என்றாள் அம்மா. காலையில் படுத்தபடியே என் கவுனில் கைக்குட்டையை ஊக்கு போட்டுக் குத்திவிட்டாள். பக்கத்து வீட்டு அக்கா துணைக்கு வந்து உட்கார்ந்தார்.

நகரம் கிழக்கே இருக்க, நாங்கள் முதலில் மேற்கே கரையான்சாவடிக்குப் போனோம். அங்கே ஒரு கடையின் வடகறி அவ்வளவு பேர் போனது. எங்கள் வீட்டில் வடகறிக்கு மதிப்பில்லை. நேற்று மிஞ்சின வடையை இன்றைக்கு உதிர்த்துப் போட்டு விற்கிறார்கள் என்பது அம்மாவின் கட்சி. நான் இலையையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கடைக்காரர் கவனித்துவிட்டார்.

"இன்னா பாப்பா, மொத தபாவா? தோசைய பிச்சி, அப்படியே முக்கி, கண்ண மூடிக்கினு துன்னு. அப்பால நாளைக்கு நீயே உங்க ஆயாவ இஸ்துகினு வருவ."

கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். கண்ணைத் திறந்தபோது இலையில் இன்னொரு செட் தோசை இருந்தது. நான் கேட்கவே இல்லை. கடையை விட்டு இறங்கியதும் பன்னீர் சோடா வேண்டுமென்றேன், கிடைத்தது. பஞ்சுமிட்டாய் என்றேன், அதுவும் கிடைத்தது. நகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ரோஸ் மில்க் கடையைக் காட்டினேன். ஐஸ் போட்டதையே வாங்கித் தந்து, தானும் ஒன்று குடித்தாள். அன்று முழுக்க எதையும் அவள் அடுத்த செமஸ்டருக்குத் தள்ளவில்லை. நான் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டதற்குப் பரிசு என்று எடுத்துக்கொண்டேன்.

கல்லூரியில் மாணவர்களின் ஓவியக் கண்காட்சிக்கு அன்றுதான் கடைசி நாள். வாசலிலேயே சித்தியின் தோழி பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி இம்மாம் லேட்டா வர? பாதிப் படத்த கழட்டிட்டாங்க. இது யாரு, உங்க அக்கா பொண்ணா? இன்னாமே, ரோஸ் கலர்ல மீச வெச்சிகினு வந்துகீற?"

சித்தி வாய்விட்டுச் சிரித்தாள். மிச்சமிருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒரு படத்தில் நீலமும் கறுப்பும் மட்டும் இருந்தன. இது என்ன என்றேன். "உனக்கு என்னமா தோணுது?" என்றாள். அடி பிடித்த பாத்திரம் என்றேன். அது சரியான பதில்தான் என்று சொல்லிவிட்டு அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

பிறகு தோழி எங்களை மாடிக்கு இழுத்துப் போனாள். கடைசி வருடத்துக்காரர்களின் கூடம். படம் வரையும் மர ஸ்டாண்டுகள் வரிசையாக நின்றன. வடக்கு ஜன்னல் பக்கத்தில் ஒன்று.

"நாள் பூரா ஒரே வெளிச்சம்டி இங்க. மண்டே வந்தா காலியா இருக்காது. இப்பவே துண்டு போட்டுடு."

சித்தி பைக்குள் துழாவினாள். ஒன்றும் அகப்படவில்லை. என் கவுனிலிருந்து கைக்குட்டையைக் கழற்றி, ஸ்டாண்டின் காலில் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"பஸ்ஸுல சீட்டு புடிக்கிற மாறியே கீது" என்று சிரித்துக்கொண்டே தோழி, படங்களைக் கட்டி வைக்கக் கீழே இறங்கிப் போனாள்.

நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். சித்தி என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தாள். ஸ்டாண்டைக் கொஞ்சம் திருப்பினாள், மறுபடியும் கொஞ்சம். அதில் தாளும் இல்லை, கையில் பிரஷும் இல்லை. ஒரு கண்ணை மூடி என்னைப் பார்த்தாள்.

"என்ன சித்தி பாக்குற?"

"வெளிச்சம் உன் மூஞ்சில எப்படி விழுதுன்னு பாக்கேன். ஆடாம இரு."

ஆடாமல் இருந்தேன். எனக்குக் கால் மரத்துப்போகும்வரை பார்த்தாள்.

படியில் பாதி இறங்கியிருப்போம். கீழேயிருந்து தோழி, "மண்டே பாக்கலாம்டி!" என்று கத்தினாள். சித்தி கையை ஆட்டினாள். என்னை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு மறுபடி மேலே ஏறினாள். தனியாக நிற்கப் பயந்து நானும் பின்னாலேயே போனேன். அவள் ஸ்டாண்டின் முன்னால் குந்தியிருந்தாள். அவளே இறுக்கிப் போட்ட முடிச்சு அவிழவில்லை. நகத்தால் முயன்றாள், பிறகு குனிந்து பல்லால் இழுத்தாள்.

அவிழ்ந்ததும் கைக்குட்டையை உதறிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"இதத் தொலைச்சுட்டுப் போனா உங்கம்மா என்னையில்லா ஏசுவா" என்றாள்.

உண்மைதானே. அம்மா ஏசத்தான் செய்வாள். நல்லவேளை சித்திக்கு ஞாபகம் வந்தது என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

அவள் என் எதிரே மண்டியிட்டு, கைக்குட்டையின் நுனியை நாக்கில் நனைத்து என் மேலுதட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"மீச போயிட்டா சித்தி?"

"போயிட்டு."

சொல்லிவிட்டும் துடைத்துக்கொண்டே இருந்தாள். ரோஸ் மில்க் அவ்வளவு லேசில் போகாது போலிருக்கிறது என்று நினைத்து, நான் முகத்தை அவளுக்கு நன்றாகக் காட்டிக்கொண்டு நின்றேன்.