படமில்லாத லெஸ்லி

வினிஃப்ரெட்டை, ஜொகூர் பாருவை அடுத்த மாசாயில், நாங்கள் போலீஸ் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் சர்ச் பேஸ்புக் குழுவுக்கு அவள்தான் காவல். படம் இல்லாத கணக்கா, வெளியே. போன வாரம் திறந்த கணக்கா, வெளியே. தெரிந்தவர் ஒருத்தரும் நண்பராக இல்லையா, கேட்கவே வேண்டாம்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பாசிர் கூடாங் பேக்டரியில் இருபத்தாறு வருஷம் கியூசி வேலை, பழுதான சாமானைப் பொறுக்கி வீசும் வேலை. அப்படிப்பட்டவளின் படத்தையே எவனோ களவாணிப் பயல் திருடி, அவள் பேரில் கணக்குத் திறந்து, ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன் என்று சர்ச் ஆட்களிடம் கைமாற்றுக் கேட்டான். மூன்று பேர் அனுப்பியும் தொலைத்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் அவள் முதுகுக்குப் பின்னால் குசுகுசு. அவமானத்தில் போன் நம்பரையே மாற்றிவிட்டாள்.

பேஸ்புக்கை மட்டும் மூடவில்லை. காரணம் லெஸ்லி, ஒரே தம்பி. அப்பா சாவு வீட்டில் இவளோடு சண்டை போட்டு, "இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்று போனவன். ஒன்பது வருஷமாகத் தகவல் இல்லை. என்றைக்காவது தேடுவான் என்றுதான் தன் பேரையும் படத்தையும் அப்படியே வைத்திருந்தாள்.

போன மார்ச்சில் ஒரு கணக்கு வந்தது. பேர் லெஸ்லி. படமில்லை, நண்பர்கள் யாருமில்லை. மலாயில் ஒரு செய்தி: அக்கா, நான் லெஸ்லி, ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், பதில் போடு.

போனை என்னிடம் நீட்டினாள்.

"பாரு எவ்லின், எந்தம்பி பேரயும் கண்டுபிடிச்சிட்டானுங்க! அவன் எனக்கு மலாய்ல எழுதுவானா? திட்டுனாகூட தமிழ்லதான் திட்டுவான்."

"அலமாக், அதே ஆஸ்பத்திரி கதைதான் லா. பிளாக் பண்ணுடி."

சொன்னது நான். இந்த நாக்கு அழுக.

மறுநாள் வேறொரு கணக்கிலிருந்து அதே செய்தி. அதையும் பிளாக் செய்துவிட்டு, இரண்டையும் படம் பிடித்துக் குழுவில் போட்டாள்: "உஷார்! இது போலி. இவன் என் தம்பி இல்லை." எண்பது லைக்.

நான்காம் நாள் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியிலிருந்து சர்ச் ஆபீசுக்குப் போன் வந்தது. நாங்கள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது லெஸ்லி இருந்த கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தார்.

ஸ்ட்ரோக். வலது கை விழுந்து, பேச்சும் குழறிப் போயிருந்தது. அவன் குழறியதைக் கேட்டுக் கணக்குத் திறந்து கொடுத்தது ஒரு மலாய்க்கார நர்ஸ். அந்தப் பெண் தனக்குத் தெரிந்த மொழியில்தானே எழுதும்? வெளியாட்களும் பார்க்கக்கூடிய எங்கள் குழுவில் வினிஃப்ரெட் படத்தோடு வந்த பதிவை அந்தப் பெண்ணேதான் தன் சொந்தக் கணக்கில் பார்த்து, அவனுக்குக் காட்டியும் இருக்கிறது. தமிழ் வாசிக்கத் தெரியாது, பாவம். அக்கா பதில் போட்டுவிட்டாள் என்று சந்தோஷமாகக் காட்டியதாம். அவன் வாசித்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டானாம்.

எல்லாக் கள்ளனுக்கும் அழகான படமும் ஆயிரம் நண்பர்களும் இருக்கிறார்கள். இவனுக்கு ஒருத்தருமில்லை.

அடக்கம் முடிந்த அன்று அவளிடம் சொன்னேன்: "அந்தப் போஸ்ட்ட எடுத்துடு வின்னி."

"எதுக்கு? இருக்கட்டும். எண்பது பேரு லைக் போட்டிருக்காங்க." என் முகத்தைப் பார்த்தாள். "நீயும் போட்டேல்ல?"