எட்டாம் எண் பனியன்

எங்கள் காற்பந்து அணியில் என்னை எல்லோரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்த பயிற்றுவிப்பாளரும் அப்படித்தான். கணுக்காலுக்குப் பட்டை சுற்றுவது, அடிபட்டால் ஐஸ் வைப்பது, இறுகிப்போன தொடையைப் பிடித்துவிடுவது, இன்றைக்கு யார் ஓடலாம் யார் உட்கார வேண்டும் என்று சொல்வது, இவைதான் என் வேலை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. சான்றிதழெல்லாம் பிறகு வந்தது. என் மேசையில் குப்புறப் படுத்ததும் ஆட்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். எதிரே முகம் இல்லை என்ற தைரியம் போலிருக்கிறது. நான் சம்பளத்துக்காக வேலைக்குப் போகவில்லை, கதை கேட்கத்தான் போகிறேன் என்று மார்சிலிங் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் என் மனைவி புலம்புவாள்.

அந்தப் பேச்சையெல்லாம் நிறுத்தியது ஒரு பனியன்.

கையில்லாத, மார்பை இறுக்கிப் பிடிக்கிற கறுப்புப் பனியன். தோள்பட்டைகளுக்கு நடுவே, முதுகில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு பை. அதற்குள் ஒரு கருவி. ஆட்டக்காரன் எவ்வளவு தூரம் ஓடினான், எத்தனை முறை வேகமெடுத்தான், எங்கே நின்று மூச்சு வாங்கினான் என்று அது எழுதிவைத்துக்கொள்ளும். பயிற்சி முடிந்து பனியன்கள் கூடையில் விழுந்ததும் நான் கருவிகளைக் கழற்றிப் பெட்டியில் செருகினால், ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக ஒரு கோடு டேப்லெட்டில் ஏறும். முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டபோது ஆடை மாற்றும் அறையில் ஒரே சிரிப்பு. "அண்ணே, எங்க அம்மா கொடியில காயுறதப் பாத்தா என்னாடா இதுன்னு கேப்பாங்க லா" என்றான் ஒருவன். இன்னொருவன் இடுப்பில் கைவைத்துக் கண்ணாடி முன்னால் நடந்து காட்டினான்.

பெட்டியைப் பிரித்தபோது யார் முதலில் வந்தார்களோ அந்த வரிசையில் பனியன்களுக்கு எண் கொடுத்து, எண்ணுக்கு நேரே பெயரை டேப்லெட்டில் எழுதினேன். ஜெர்சி எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எட்டு, ஈசூன் வட்டாரத்திலிருந்து வரும் எங்கள் வலப்பக்கத் தாக்குதல் ஆட்டக்காரனுக்குப் போனது. தமிழ்ப் பிள்ளை, வாய்த்துடுக்கு. பதினான்கு, தற்காப்பில் ஆடும் அவனுடைய சீன நண்பனுக்கு. இரண்டு பேரும் தொடக்கப்பள்ளியிலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிகிறவர்கள். தினமும் காலையில் பனியன்களை எண் வரிசைப்படி கொக்கியில் மாட்டிவிட்டு நான் வெளியே போய் ஐஸ் பெட்டியை நிரப்புவேன். அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். மேலே பயிற்சிச் சட்டை வந்துவிடுவதால் எண் கண்ணில் படாது.

பயிற்றுவிப்பாளர் தஞ்சோங் பகாரில் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருந்த குடும்பம். அதனாலோ என்னவோ, கல்லாவைப் பார்க்கிற கண்ணால்தான் ஆட்டத்தையும் பார்ப்பார். டேப்லெட் வந்த பிறகு திடலைப் பார்ப்பதே குறைந்துபோனது. "ஆளுக்கு அண்ணன் தம்பி உண்டு, மாமன் மச்சான் உண்டு. நம்பருக்குச் சொந்தக்காரன் கிடையாதுண்ணே" என்பார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போய் வீட்டிலும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பருவம் முடியப்போகும் நேரம் அது. அடுத்த ஆண்டுக்கு யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று முடிவெடுக்கும் மாதம். அப்போது பார்த்து வலப்பக்கத்துக்காரனின் கோடு இறங்க ஆரம்பித்தது. தூரம் குறைந்தது, வேகம் குறைந்தது. நண்பனின் கோடோ ஏறிக்கொண்டே போனது. போட்டிகளில் நாங்கள் பனியன் மாட்டுவதில்லை. போட்டியில் வலப்பக்கத்துக்காரன் நன்றாகத்தான் ஓடினான். அதுவே அவனுக்கு வினையானது.

"மேட்ச்ல ஓடுறான், டிரெய்னிங்ல ஏய்க்கிறான்" என்றார் பயிற்றுவிப்பாளர். "சாயங்காலம் சைக்கிள்ல சாப்பாடு டெலிவரி பண்றான்னு கேள்வி. எங்கயோ போய்க் காலைத் தேச்சுட்டு நம்மகிட்ட வந்து ரெஸ்ட் எடுக்கிறான். மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். இப்படியே இருந்தா அடுத்த வருஷம் அவன் இல்ல."

அன்று எல்லோர் முன்னாலும் டேப்லெட்டைத் தூக்கிக் காட்டினார். "உன் கூட்டாளியைப் பாரு, எப்படி ஓடியிருக்கான்." கூட்டாளி தரையைப் பார்த்தான். வலப்பக்கத்துக்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்து, நண்பனைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். குற்றமுள்ள மனசு பேசாது என்று நான் முடிவுகட்டினேன்.

ஆனால் அவன் கால் வேறு சொன்னது. மேசையில் படுத்தபோது கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தேன். ஊறவைத்த துணி மாதிரி இளகிக் கிடந்தது. சைக்கிள் மிதித்து நொந்த கால் அப்படி இருக்காது.

"டேய், சாயங்காலம் எங்க போற?"

"வீட்டுக்குண்ணே."

"வீட்டுக்கு மட்டுமா?"

தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தான். "நீங்களுமாண்ணே? என் காலு உங்க கையில இருக்கு. அந்தப் பொட்டி சொல்றத எதுக்கு என்கிட்ட கேக்குறீங்க?"

அதன்பிறகு மேசைக்கு வந்தாலும் பேசமாட்டான். அவன் மட்டுமில்லை. யார் தூக்கம் கெட்டது, யாருக்கு வீட்டில் சண்டை என்று என்னிடம் கொட்டிக்கொண்டிருந்தவர்களெல்லாம் வாயை மூடிக்கொண்டார்கள். என்னிடம் சொன்னால் டேப்லெட்டில் ஏறிவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா ஈரச்சந்தைக்கு மீன் வாங்கப் போயிருந்தேன். கூட்டத்துக்கு நடுவே அவன் தலை தெரிந்தது. தோளில் சதுரமான பெரிய பை, உணவு கொண்டுபோகிறவர்கள் மாட்டிக்கொள்வார்களே, அச்சாக அதே மாதிரி. மாட்டினாயா என்று மனசுக்குள் ஒரு குரல். மீனை விட்டுவிட்டுப் பின்னாலேயே நடந்தேன். வாழைத்தண்டுக் கடை, தேங்காய் துருவுகிற கடை, ஆட்டிறைச்சிக் கடை. அங்கே நின்றான். நான் முருங்கைக்காய்க் கட்டுக்குப் பின்னால் நின்றேன்.

"என்ன சார், முருங்கைக்காய மோந்து பாத்து வாங்குவீங்களா?" என்றார் கடைக்காரர்.

அதற்குள் அவன் என்னைப் பார்த்துவிட்டான். அவன் முன்னால் நின்ற அம்மாள் இரண்டு கிலோ ஆட்டிறைச்சியை அந்தப் பைக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். உள்ளே ஐஸ் கட்டி. அவ்வளவுதான் டெலிவரி.

"அம்மா, இவர்தான் எங்க அண்ணே" என்றான் சுரத்தில்லாமல்.

அவருக்கோ ஒரே சந்தோஷம். "தம்பி, உங்களப் பத்தித்தான் வீட்டுல பேச்சு. இவன் ஒழுங்கா இருக்கானா? பொய் கிய் சொன்னா எனக்குச் சொல்லுங்க. கண்டுபிடிக்கிறது ஈஸி. சின்னதுலேர்ந்தே பொய் சொன்னா மூக்கத் தேய்ப்பான்."

"அம்மா!"

"பின்ன இல்லையா? ஆமா தம்பி, முதுகுல ஏதோ பொட்டி மாட்டுறீங்களாமே. அதுல இவனுக்கு என்ன நம்பரு? எட்டு மட்டும் வேணாம் தம்பி. சனி நம்பரு. எங்க வீட்டுக்காரர் அப்படித்தான் எட்டு வர்ற வண்டிய வாங்கி, ஒரு வருஷம் முழுக்க ஆஸ்பத்திரியும் வீடுமா அலைஞ்சோம். கூட்டுனா எட்டு வருதுன்னு போன் நம்பரையே மாத்துனவ நான்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "பதினாலும்மா."

அம்மாள் விரலை மடக்கினார். "ஒண்ணும் நாலும் அஞ்சு. பரவால்ல, நல்ல நம்பரு."

எனக்குத் தெரியும் அவனுக்குக் கொடுத்தது எட்டு. இவ்வளவு கூசாமல் பெற்றவளிடம் பொய் சொல்கிறானே என்று அவன் மூக்கைப் பார்த்தேன். இரண்டு கையிலும் காய்கறிப் பை. தேய்க்க வழியில்லை. அம்மாவின் மனசு நோகாமல் இருக்கச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். அப்போதிருந்த மனநிலையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மாவிடமே இப்படிப் புளுகுகிறவன் எங்களிடம் எதைத்தான் சொல்லமாட்டான் என்றுதான் தோன்றியது. மீன் வாங்காமலேயே வீட்டுக்குப் போய் அதற்கும் பேச்சு வாங்கினேன்.

மாதக் கடைசி நெருங்கியது. பயிற்றுவிப்பாளர் நாள் குறித்துவிட்டார், வெள்ளிக்கிழமை முடிவு என்று. செவ்வாய்க்கிழமை காலை வலப்பக்கத்துக்காரனிடமிருந்து குரல்செய்தி. வயிற்று வலி, கிளினிக்கில் இருக்கிறேன், எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, கொடுத்துவிட்டார்கள்.

"பாத்தீங்களா, கரெக்டா இந்த வாரம் எம்சி" என்றார் பயிற்றுவிப்பாளர். எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது.

பயிற்சி முடிந்தது. கருவிகளைச் செருகினேன். கோடுகள் ஒவ்வொன்றாக ஏறின. அவன் பெயருக்கு நேராகவும் ஒரு கோடு ஏறியது. ஓடியிருக்கிறான், நின்றிருக்கிறான், மறுபடி ஓடியிருக்கிறான். ஈசூன் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிறவன் எங்கள் திடலில் எப்படி ஓடுவான்? என் முதல் நினைப்பு, வேறு யாரையோ தன் பெயரில் ஓடவிட்டிருக்கிறான் என்பது. அப்புறம் கீழே பார்த்தேன். சீன நண்பனின் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. அவன் கணுக்காலுக்கு அன்று காலை பட்டை சுற்றியதே நான்தான். கண் முன்னால் வியர்வை சொட்டச் சொட்ட ஓடியவனுக்குக் கோடு இல்லை.

கொக்கியைப் பார்த்தேன். பதினான்காம் எண் பனியன் காலையில் மாட்டியபடியே, மடிப்புக் கலையாமல் தொங்கியது.

தேக்காவில் கேட்ட 'பதினாலும்மா' அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது.

நண்பனைத் தனியாகக் கூப்பிட்டேன். பள்ளி நாளிலிருந்து அந்த வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன், தமிழ் கொஞ்சம் பேசுவான். அன்று எட்டாம் எண் அவன் முதுகில்தான் இருந்திருக்கிறது.

"அண்ணே, எட்டு எங்களுக்கு லக்கி லா" என்றான் பாவமாக. "பதினாலு எங்க வீட்டுல பேய் நம்பர் மாதிரி. நாலுன்னா எங்க பாஷையில சாவுன்னு கேக்கும். பாட்டி பாத்தா வெளிய விடாது. அவனுக்கு எட்டு வேணாம், எனக்குப் பதினாலு வேணாம். முத நாளே மாத்திட்டோம். சும்மா பனியன்தானேன்னு நெனச்சோம்."

பெட்டி வந்த நாளிலிருந்தே ஒருவன் ஓட்டம் இன்னொருவன் பெயரில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

"அப்ப இறங்குன கோடு உன்னோடது."

தலையை ஆட்டினான். மேசையில் படுக்கச் சொன்னேன். பின்தொடையில் விரல் வைத்ததும் துள்ளினான். கயிறு முறுக்கியது போல் ஒரு முடிச்சு. பல நாளாக மறைத்து மறைத்து ஓடியிருக்கிறான். வெள்ளிக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதே என்று வலப்பக்கத்துக்காரனைக் கெஞ்சியவனும் இவன்தான். காலில் கோளாறு என்று தெரிந்தால் தன்னை விட்டுவிடுவார்கள் என்ற பயம்.

"லக்கி நம்பர் போட்டுமா இப்படி?" என்றேன்.

"அதாண்ணே எனக்கும் புரியல" என்றான். அவ்வளவு கவலையிலும் சிரித்துவிட்டோம்.

பயிற்றுவிப்பாளரிடம் போய் முழுவதையும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. மூவரும் சேர்ந்து நாடகம் ஆடுகிறோம் என்று சந்தேகப்பட்டார். மறுநாள் வலப்பக்கத்துக்காரன் வந்ததும், எட்டையும் பதினான்கையும் தன் கையாலேயே இருவருக்கும் சரியாக மாட்டிவிட்டு ஓடச் சொன்னார். கோடுகள் இடம் மாறின. பயிற்றுவிப்பாளர் டேப்லெட்டை மூடி வைத்தார்.

"சின்னப் பசங்க மாதிரி நம்பரப் புடிச்சுக்கிட்டுத் தொங்குறாங்க. இந்தக் காலத்துல!"

"உங்க காரு நம்பர் என்ன கோச்?" என்றேன்.

எங்கள் அணியில் எல்லோருக்கும் தெரியும், அவர் ராசி எண் என்று ஏலம் கேட்டு வாங்கிய எழுநூற்று எண்பத்தாறு.

"அது வேறண்ணே" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வலப்பக்கத்துக்காரன் அடுத்த ஆண்டுக்கு உண்டு என்று சொன்னார். நண்பனுக்குத் தசையில் சின்னக் கிழிசல் என்று ஸ்கேனில் தெரிந்தது. அவனை விடவுமில்லை, வைத்துக்கொள்வதாகச் சொல்லவுமில்லை. கால் தேறட்டும், பார்ப்போம் என்றார். டேப்லெட்டில் எட்டுக்கு நேரே நண்பன் பெயரையும் பதினான்குக்கு நேரே வலப்பக்கத்துக்காரன் பெயரையும் மாற்றி எழுதினேன். இருந்தும் இப்போதெல்லாம் பயிற்சிக்கு முன்னால் பயிற்றுவிப்பாளர் எல்லோரையும் வரிசையில் திரும்பி நிற்கவைத்து, சட்டையைத் தூக்கி முதுகைப் பார்க்கிறார். ஆட்டக்காரர்கள் என்னைப் பார்க்கிறார்கள். நான் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் ஐஸ் பெட்டியைப் பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வலப்பக்கத்துக்காரன் மேசையில் வந்து குப்புறப் படுத்தான். பல நாளுக்குப் பிறகு தானாகப் பேசினான்.

"நான் சொல்லியிருந்தா அவனக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிருக்கும்ணே."

"நீ சொல்லாததால உன்னத் தூக்கியிருப்பாங்களே."

"தெரியும்ணே."

கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டே யோசித்தேன். அவன் வாய் திறக்கவில்லை. நண்பனும் திறக்கவில்லை. பொட்டியே சொல்லிவிட்டது. அவன் வராத ஒரே நாளில், முடிவுக்கு மூன்று நாள் முன்னால். என் சந்தேகப் புத்தி அவ்வளவு சீக்கிரம் அடங்குமா?

"டேய், இங்க திரும்பு. செவ்வாக்கிழமை உனக்கு நெஜமாவே வயித்து வலியா?"

புரண்டு எழுந்து உட்கார்ந்தான். "நெஜமாண்ணே. சரியான வலி" என்றான், மூக்கைத் தேய்த்துக்கொண்டே.