செல்லக்கிளி வீட்டு முட்டை

உசிலம்பட்டிக்கு மேற்கே அந்த ஊரில் ஒரு பெண் வயசுக்கு வந்துவிட்டால், தாய்மாமனுக்குச் சொல்லும் முன்பே செல்லக்கிளிக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு பச்சை நாட்டு முட்டை, அதற்கு மேல் அதே ஓடு நிறைய நல்லெண்ணெய். மூக்கைப் பிடித்து ஊற்றினால்தான் இடுப்பு உறுதிப்படும் என்பது அங்கே யாரும் மறுத்துப் பேசாத சட்டம். அந்த முட்டையும் செல்லக்கிளி வீட்டிலிருந்துதான் போக வேண்டும். கடை முட்டை வாங்கினால் பெற்றவளைத் தெருவே ஏசும்.

அந்தப் பெருமையில் செல்லக்கிளிக்குத் தலைகால் புரியாது. ஊர்க்கோழிகள் சீக்குக் கண்டு செத்து விழுந்த கோடையிலும் அவள் கோழிகள் கொழுகொழுவென்று மேய்ந்தன. எல்லாம் தீவனக் கடையில் வாங்கும் ஒரு மருந்துப் பொடியின் வேலை. ஆன்டிபயாடிக். சீக்கு வந்தால் கொடுக்க வேண்டியதை, சீக்கே வரக்கூடாதென்று தினமும் தண்ணீரில் கலக்கி வைத்தாள் மகராசி.

போன வருஷம் அவள் மகள் சுபலட்சுமியே பெரியவளானாள். பெற்ற மகளுக்கென்றால் கேட்க வேண்டுமா? கூடையிலேயே பெரிய முட்டையாகப் பார்த்துப் பார்த்து உடைத்து ஊற்றினாள். அந்த வாரமே பிள்ளைக்கு வயிற்றோட்டம், பிறகு அனலாய்க் காய்ச்சல். கண்பட்டுவிட்டதென்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார்கள். மெடிக்கலில் கேட்டு மாத்திரை கொடுத்தார்கள். ஊசியும் போட்டுப் பார்த்தார்கள். காய்ச்சல் அசையவில்லை. மதுரைக்குக் கொண்டுபோகும்போது பிள்ளைக்குத் தாயையே அடையாளம் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பெர்சி ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் செல்லக்கிளியை உட்காரவைத்துப் பேசினார்.

"சாப்பாடு வழியா வர்ற கிருமிம்மா. வழக்கமா குடுக்குற மருந்துக்கெல்லாம் சாகல. ஒண்ணு ரெண்டுக்குத்தான் கேக்கும்னு தெரியுது, அதுல ஒண்ண ஏத்துறோம். பச்சையா ஏதாவது சாப்பிட்டாளா?"

முட்டையைச் சொன்னாள். கோழிக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டதும் பொடியையும் பெருமையாகவே சொன்னாள்.

"தினமும் மருந்து குடுத்தா, அதுக்கு அடங்குற கிருமி செத்துரும், அடங்காதது பெருகிரும். அதுதான் முட்டையில வந்துருக்கும்னு நெனைக்கிறேன். நல்லா வேக வச்சிருந்தா செத்துருக்கும்மா."

என் கையாலேயே ஊற்றினேனே என்று வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள் செல்லக்கிளி. நல்லவேளை, புது மருந்துக்குக் காய்ச்சல் இறங்கியது. தெளிந்ததும் சுபலட்சுமி முதலில் கேட்டது பரோட்டா. அழுத கண்ணோடு சிரித்தாள் அம்மாக்காரி.

வீடு திரும்பியதும் பொடியை நிறுத்தினாள். கால்நடை டாக்டரிடம் கேட்டுக் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டாள், தண்ணீர்ச் சட்டியைத் தேய்த்துக் கழுவினாள், சீக்குக்கோழியைத் தனியே அடைத்தாள். சில செத்தன. மற்றவை நன்றாகவே நின்றன. ஆனால் மகளுக்கு என்ன வந்தது என்று கேட்டவர்களிடம் மட்டும் விஷக்காய்ச்சல் என்று சொல்லி முடித்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் முட்டையை யார் வாங்குவார்கள்? வீடு ஓடுவதே அதில்தான். "வாயத் தொறந்துறாத புள்ள" என்று புருஷன் முத்திருளனும் சொல்லி வைத்திருந்தான்.

தை மாதம், முறைக்கு மதினியான கனகலட்சுமி வாயெல்லாம் பல்லாக வந்து நின்றாள்.

"எம் மக பெரிய மனுஷியாயிட்டா செல்லக்கிளி. நல்ல முட்டையா எடுத்துக் குடு."

செல்லக்கிளி கூடையைத் தூக்கினாள். எடுத்துக் கொடுக்கத்தான் கை வரவில்லை. பொடியை நிறுத்தினாலும் அந்தக் கிருமி உடனே போய்விடாது என்று கால்நடை டாக்டர் சொல்லியிருந்தார். உள்ளேயிருந்து முத்திருளன் இருமிக் காட்டினான்.

"அவிச்சுக் குடுங்க மதினி. பச்சையா வேணாம்."

"சடங்குப் புள்ளைக்கு அவிச்ச முட்டையா? ஏன், ஒங் கோழிக்கு என்ன கேடு?"

"எம் மக சாகக் கெடந்தது இந்த முட்டையிலதான் மதினி."

சொல்லிவிட்டாள். பொடி, கிருமி, ஆஸ்பத்திரி என்று ஒன்று விடாமல், தெருவில் போனவர்கள் நின்று கேட்கும்படி சொல்லி அழுதாள். முத்திருளன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

கனகலட்சுமியின் சிரிப்பு எங்கோ போய்விட்டது. இனி இந்த வாசலை மிதிக்க மாட்டாள் என்றுதான் செல்லக்கிளி நினைத்தாள்.

கனகலட்சுமி முந்தானையை விரித்துப் பிடித்தாள். "எம்புட்டு நேரம் அவிக்கணும்?"