இரண்டாவது கேசட்டின் கைதட்டு

எங்கள் இரண்டாவது கேசட்டில் முதலில் கேட்பது பாட்டு அல்ல, கைதட்டு. பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து தட்டியது. நாடா தேய்ந்து பாட்டெல்லாம் இரைந்தாலும் அந்தக் கைதட்டு மட்டும் இன்றும் பளீரென்று விழுகிறது.

எங்கள் அம்மன் பாட்டுக் குழுவுக்கு எல்லாமே மதினிதான். என் அண்ணன் மனைவி. திருத்தங்கல் பக்கம் பட்டாசு வேலை. முதல் கேசட்டில் அவர் குரல், அண்ணனின் உறுமி, ஓர் உடுக்கை, அவ்வளவே. இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போகிற வழியெங்கும் டீக்கடைகளில் அது ஓடியது. அடுத்ததையும் அப்படியே போட்டுவிடலாம் என்றுதான் நாங்கள் இருந்தோம். மதினிக்கு அது போதவில்லை. கல்யாண பேண்டு செட்டிலிருந்து டிரம்பெட், என்னுடைய கீபோர்டு, கூடப் பாட அவரோடு வேலை பார்க்கும் பெண்கள், எல்லாம் வேண்டும் என்றார். “ஒத்தை ஆளு கூப்பிட்டே வந்த ஆத்தா, ஊரே சேர்ந்து கூப்பிட்டா வராமலா போயிருவா?”

கேசட் போட்டு விற்கும் சாத்தூர்க் கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். “நல்லா ஓடுற வண்டிய எதுக்கும்மா பிரிச்சு மாட்டுறீக? ஆடிக் கடைசி வெள்ளிக்குக் கடையில போடுதேன். சனம் நின்னு கேக்கலைன்னா அடுத்ததுக்கு வேற பாடகியத்தான் பாக்கணும்.” மதினி, “போடுங்க” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

விருதுநகரில் ஒரு ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு. பெண்கள் பாடியது பிரமாதம். கைதட்டுதான் வரவில்லை. மைக்கைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தும் பஞ்சைப் பஞ்சால் தட்டியது போலத்தான் கேட்டது. எனக்கோ எரிச்சல். மதினிக்குத்தான் சட்டென்று விளங்கியது. கம்பெனியில் வெடிமருந்து புழங்கும் அறையில் எதையும் தட்டக் கூடாது, இழுக்கக் கூடாது, பொத்தென்று வைக்கக் கூடாது. வருடக்கணக்கில் அப்படிப் பழகிய கைகள் எப்படி ஓங்கும்?

மதினி அங்கிருந்த மரப்பெஞ்சில் படாரென்று ஓர் அறை விட்டார். ஆறு பேரும் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தார்கள். கம்பெனியில் அப்படியொரு சத்தம் கேட்டால் ஓடத்தான் வேண்டும். “எங்கன ஓடப் பாக்குறீக? இங்கன மருந்தா கெடக்கு? ஓங்கி அடிங்கடி!” என்று மதினி அதட்டினார். ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து விழுந்த தட்டில் ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

ஆடிக் கடைசி வெள்ளி. கடை வாசலில் கைதட்டு முழங்கியதும் அக்கினிச்சட்டியோடு போன கூட்டம் திரும்பிப் பார்த்தது. டிரம்பெட் எழுந்தபோது ஓர் அம்மாள் குலவையிட்டார். பெண்களின் குரல்கள் சேர்ந்தபோது தெருவே கை தட்டியது. கடைக்காரர் தானே எழுந்து வந்து சத்தத்தைக் கூட்டினார். “அடுத்ததுக்கு எத்தனை பேரக் கூட்டிட்டு வாரீக?” என்று மதினியிடம் கேட்டார்.

போன வாரம் மதினிக்கு அந்தக் கேசட்டைப் போட்டுக் காட்டினேன். குடித்து முடித்த காபி டம்ளரை, பழக்கம் விடாமல், சத்தமே வராமல் தரையில் வைத்தார். கைதட்டைத் தலைசாய்த்துக் கேட்டார்.

“இன்னும் கொஞ்சம் ஓங்கி அடிச்சிருக்கலாம் தம்பி.”