சொதப்பல் என்று சொல்ல ஒருத்தி

"வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கீகளா மச்சான்? ஓரங்கட்டுங்க" என்றான் போனில் செல்வியின் தம்பி. தேனி ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடந்தவளுக்கு மாற்றுத்துணி எடுக்க, பழனிசெட்டிபட்டி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓரங்கட்டினேன். மறுமுனையில் அழுகைதான் கேட்டது. இண்டிகேட்டரை அணைக்கத் தோன்றாமல் நின்றிருந்தேன்.

என் மனைவி தமிழ்ச்செல்வி பெரியகுளத்தில் ஒரு நாற்றுப்பண்ணையில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டும் வேலை பார்த்தாள். அவளைத் தெரியாதவர்களுக்கு அவளுடைய ஒரு சொல்லைச் சொன்னால் போதும்: சொதப்பல்.

கல்யாணமான புதிதில், உத்தமபாளையம் பக்கம் அவள் அப்பாவின் திராட்சைத் தோட்டத்துக்கு விருந்துக்குப் போயிருந்தோம். போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பழுது. நான் டிப்ளமோ படித்து மோட்டார் வேலை செய்பவன். புது மாப்பிள்ளை வேறு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மூன்று வயரில் இரண்டை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டேன். அப்படிக் கொடுத்தால் மோட்டார் பின்பக்கமாகச் சுற்றும். இரைச்சல் ஜோராக இருந்தது; தண்ணீர் நூலாக ஒழுகியது.

புது மாப்பிள்ளையைக் குறை சொல்லலாமா? "கரண்டு சரியில்ல போல மாப்ள. நீங்க வந்து இலையில உக்காருங்க" என்றார் மாமா. எல்லாரும் சேர்ந்து கரண்டைத் திட்டினார்கள். திராட்சைப் பந்தலுக்கு அடியிலிருந்து செல்வியின் குரல் வந்தது.

"கரண்டு நல்லாத்தான்ப்பா இருக்கு. ஒங்க மாப்ளதான் சொதப்பிட்டாக!"

தோட்டமே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. பிறகு நானும் சிரித்தேன். அதுவரை அந்த வீட்டுக்கு நான் விருந்தாளி.

"ரசத்துல ரெண்டு தடவ உப்புப் போட்டாச் சொதப்பல். போட்டுட்டு, உப்பே அப்படித்தான்னு சாதிச்சா அது தப்பு" என்பாள். தான் கட்டிய ஒட்டு பிடிக்காமல் காய்ந்தால் வெயில்மேல் பழி போட மாட்டாள். "இது நாஞ் சொதப்புனது" என்று தனியே எடுத்து வைப்பாள். உண்மையாகவே கோபம் என்றால் அந்தச் சொல் அவள் வாயில் வராது. "சொதப்பிட்டீக" என்று காதில் விழுந்தால் சண்டை இல்லை என்று அர்த்தம்.

செல்வியின் காரியம் முடிந்த மறுநாள், தோட்டத்து மோட்டாரைக் கொஞ்சம் பார்க்கச் சொன்னார் மாமா. அதே ஸ்டார்ட்டர். கை தானாக வேலை செய்தது. சுவிட்சைப் போட்டேன். இரைச்சல். நூலாகத் தண்ணீர்.

மாமா குழாய்க்கு அடியில் கையை நீட்டிப் பார்த்தார். "கரண்டு சரியில்ல போல மாப்ள. விடுங்க, ஆள வச்சுப் பாத்துக்கிறேன்."

அதே மரியாதை. மறுபடி விருந்தாளியாகிவிட்டேன் என்று தோன்றியது. பந்தல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே கொடிதான் இருந்தது.

"கரண்டு நல்லாத்தான் இருக்கு மாமா. நாந்தான் சொதப்பிட்டேன்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்போடு, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

வயரை மாற்றிக் கொடுத்தேன். தண்ணீர் குழாய் நிறைய வந்தது. கடைசிக் கொடிக்குப் போய்ச் சேரும்வரை நின்றேன்.

போய் வா, செல்வி. இனி நானே சொல்லிக்கொள்கிறேன். சிரிப்புத்தான் இன்னும் வரவில்லை.