பிரேக்கம்மாவின் குளம்

முந்தின நாள் வைத்த செங்கல்லை உளியால் நெம்பிக்கொண்டிருந்தார் பிரேக்கம்மா. கலவை இன்னும் இறுகவில்லை. கல் முனகாமல் வந்துவிட்டது. சுவர்மேல் குமிழி ஓடும் ரசமட்டத்தை வைத்துக் குனிந்து பார்த்தார். எழுந்தார். எதிர்ப்பக்கம் போய் மறுபடி குனிந்தார்.

"விரக்கட சாஞ்சிருக்கு" என்றார், மதிலுக்கு இப்பால் நின்ற என்னிடம். "மனுசன் கண்ண ஏமாத்திரலாம். தண்ணிய ஏமாத்த முடியாது."

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சிக் காரில் அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பேருந்தில் போனாலும், பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்தாலும் அவர் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதிக்கும். பட்டப்பெயர் அப்படி வந்தது. சாப்பிடும்போதுகூட உட்கார மாட்டார். தட்டை ஏந்திக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடப்பார்.

இப்போது கொஞ்ச காலமாக வேலைக்குப் போகவில்லை. புதிதாகப் பழக வந்த பெண் ஒரு திருப்பத்தில் தடுமாறினாள். அவளே சமாளித்திருப்பாள். இவர் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பறித்துத் திருப்ப, ஓரமாகப் போன ஸ்கூட்டர்க்காரர் விழுந்து தோள் எலும்பு முறிந்தது. மனிதர் தேறிவிட்டார், கோபித்துக்கொள்ளவும் இல்லை. அதுதான் இவருக்குத் தாங்கவில்லை போலும். "கால் மிதிக்கிறதுக்குள்ள கை முந்திக்கிச்சு" என்று ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னார்.

மறுவாரமே கொல்லையில் மீன்குளத்துக்குக் குழி வெட்ட ஆரம்பித்தார். முழங்கால் ஆழத்தில் பாறை தட்டியது. "கீழ விடலன்னா மேல போறோம்" என்று சுற்றிலும் செங்கல் சுவர் எழுப்பினார். பாதிக் குளம் தரைக்குள், பாதி தரைக்கு மேல். அடியில் கூர்கல் குத்தாமலிருக்கப் பழைய கம்பளம், அதன்மேல் விரிக்கக் கறுப்புத் தார்ப்பாய், எல்லாம் தயார். சுவர்தான் முடிந்தபாடில்லை. கட்டுவார், அளப்பார், பிரிப்பார். பயிற்சிப் பள்ளிக்காரர் போன் செய்தால் ஒரே பதில்: "குளம் முடியட்டும் சார்."

அன்று காலை துணி உலர்த்த வந்த அவருடைய நாத்தனார், பெயர்ந்து கிடந்த கல்லைப் பார்த்தார்.

"அண்ணி, இதென்ன மணல் வீடா, கட்டிக் கட்டி இடிக்க?"

"சாஞ்சிருக்கு."

"மீனு என்ன மட்டம் வெச்சா பாக்கப் போகுது? குளம் முடிஞ்சா நீங்க வேலைக்குப் போகணும். அதான் முடிய மாட்டேங்குது."

பிரேக்கம்மா ரசமட்டத்தை எடுத்து மறுபடி சுவர்மேல் வைத்தார். நாத்தனார் நகரவில்லை, கையில் பிழியாத துணி சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு ரசமட்டத்தைக் கீழே வைத்துவிட்டு, நெம்பிய கல்லை அதே இடத்தில் அப்படியே வைத்துக் கலவையைப் பூசினார் பிரேக்கம்மா.

சுவர் காய்ந்ததும் இருவருமாகத் தார்ப்பாயை விரித்து, விளிம்பில் மடித்துக் கல் ஏற்றி, குழாயைத் திறந்துவிட்டார்கள். நீர் ஏற ஏற பிரேக்கம்மா குளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். கடைசியில் ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டும் தொடாமலும், மறுபக்கம் விரற்கடை தாழ்ந்தும் நின்றது நீர்.

"நான் சொன்னேன்ல."

"சொன்னீங்க" என்றார் நாத்தனார். "ஆனா வழியலையே."

அடுத்த வாரம் பயிற்சிக் கார் வாசலுக்கு வந்தது. ஓட்டிவந்தவர் வியர்வையில் நனைந்திருந்த ஒரு நடுவயதுக்காரர். பள்ளிக்காரர் இறங்கி இடம்விட, பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினார் பிரேக்கம்மா.

"பின்னாடி பாத்துட்டு, மெதுவா எடுங்க. அவசரமில்ல."

வண்டி குலுங்கி நகர்ந்தது. என்னைக் கடக்கும்போது உள்ளே பார்த்தேன். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தார்.