அன்ரி வீட்டுக் கச்சான் சூப்

ஒரு சாப்பாட்டை யார் சமைத்தது என்று மூன்றரை வயதுப் பிள்ளையின் நாக்குக்குத் தெரியுமா? எனக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

சென்ற மாரியில் என் மகளுக்கு எடை ஏறவில்லை, இரத்தத்தில் இரும்பும் குறைவு என்றார் டாக்டர். நான் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள். பருப்பு, கீரை, முட்டை, நெத்தலி என்று கிழமைக்கு அட்டவணை போட்டுச் சமைத்தேன். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

காலையில் நான் கணக்கியல் வகுப்புக்குப் போகும்போது, மல்வேர்னில் எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுக் கானா நாட்டுப் பெண்தான் மகளைப் பார்த்துக்கொள்வார். மகளுக்கு அவர் ‘அன்ரி’. ஒரு மத்தியானம் கூட்டிவரப் போனேன். மகள் அவருடைய பிள்ளைகளோடு நிலத்தில் இருந்து, குழைந்த சோற்று உருண்டையைச் செம்மஞ்சள் சூப்பில் தோய்த்து விழுங்கிக்கொண்டிருந்தாள். முழங்கைவரை வழிந்தது.

“இது மூன்றாவது உருண்டை” என்று அவர் ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னார். நான் சிரித்தேன். வயிறு எரிந்தது.

வறுத்து அரைத்த கச்சான் என்கிற நிலக்கடலை, தக்காளி, கோழி, புகையில் உலர்த்திய மீன். இதில் ஏதும் குறை இருக்கும் என்று நூலகத்தில் சத்துணவுப் புத்தகம் எடுத்துத் தேடினேன். கொழுப்புக் கூடுதல் என்று மட்டும் சொல்லலாம். எடை ஏறாத பிள்ளைக்கு அதுவும் நல்லதுதான். மற்றப்படி என் பருப்பு அதற்குக் கிட்ட நிற்காது. புத்தகத்தை மறுநாளே திருப்பிக் கொடுத்தேன்.

“பிள்ளை தின்னுறாள்தானே, பிறகென்னப்பா உமக்கு?” என்றார் கணவர்.

“அங்கதான் தின்னுறாள். இங்க இல்லை.”

“அப்ப நானும் ஒருக்கா அங்க போய்ச் சாப்பிட்டுப் பாக்கட்டே?”

அன்றிரவு அவருக்கும் அதே பருப்பைத்தான் வைத்தேன்.

கடைசியில் அந்தப் பெண்ணிடமே செய்முறை கேட்டேன். ஒளிக்காமல் காட்டித் தந்தார். எண்ணெய் மேலே மிதக்கும்வரை அவசரப்படக்கூடாதாம். வீட்டில் அப்படியே செய்தேன். மகள் விரலை வைத்து நக்கிவிட்டுக் கோப்பையைத் தள்ளினாள்.

“உது அன்ரியின்ட இல்லை.”

மறுநாள் அந்தச் சூப்பையே சட்டியோடு அவரிடம் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். மத்தியானம் சட்டி வெறுமையாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் மகள் சொன்னாள்: “அன்ரி நல்லாச் சமைப்பா. உங்களுக்குத்தான் தெரியாது.”

உண்மை வாய்வரை வந்தது. சொன்னால் அங்கேயும் சாப்பிடாமல் விட்டுவிடுவாளோ என்று விழுங்கிவிட்டேன். அன்றிலிருந்து சமைப்பது நான், பரிமாறுவது அவர், பெயரும் அவருக்கு. “பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறேனே” என்று அவர் இரண்டு தரம் கேட்டார். நான்தான் மறித்தேன். மகளின் எடை ஏறிவிட்டது. கொடுப்பதையே தொடர்ந்து கொடுங்கள் என்கிறார் டாக்டர்.

இப்போது அவர்கள் தூரத்து ஊரான ஒஷாவாவுக்கு வீடு மாறப்போகிறார்கள். கேட்டவுடன் எனக்கு வந்தது சந்தோஷம். எழுதவே கூச்சமாக இருக்கிறது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

பிள்ளை வளர்த்த அனுபவமுள்ளவர்களே, அவள் சில நாள் பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை என்று இப்போதே உண்மையைச் சொல்வதா? அல்லது அன்ரி ஒஷாவாவிலிருந்து அனுப்பினவ என்று பொய் சொல்லி ஊட்டுவதா? அவர்கள் போக இன்னும் ஆறு கிழமை இருக்கிறது. தயவுசெய்து எழுதுங்கள்.